பிரிண்ட் போட எந்த டீ-ஷர்ட் வாங்குவது?

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே டீ-ஷர்ட் விற்கத் தொடங்கியிருக்கிறேன். தமிழ் வாசகங்கள்தான் டிசைன். "180 ஜிஎஸ்எம், பயோ வாஷ், 100% காட்டன்" என்று சொன்னதை நம்பி, திருப்பூரிலிருந்து 60 கருப்பு டீ-ஷர்ட் வரவழைத்து உள்ளூர்ப் பட்டறையில் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டேன். நாலைந்து துவைப்பிலேயே எழுத்து வெடிக்கிறது, சட்டை முறுக்கிக்கொள்கிறது என்று வாங்கியவர்கள் சொல்கிறார்கள். இதே விவரத்துக்கு ₹110-லிருந்து ₹230 வரை விலை சொல்கிறார்கள். அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது? கையில் இன்னும் 22 சட்டை இருக்கிறது, அவற்றை என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு வந்திருப்பது ஒரே கோளாறு அல்ல, இரண்டு. எழுத்து வெடித்தது பெரும்பாலும் பிரிண்டிங் பட்டறையின் சூட்டுக் கணக்கில் நடந்த தவறு. சட்டை முறுக்கியது அதற்கு முன்பே, துணியாக இருந்தபோதே முடிவான விஷயம். இரண்டையும் சேர்த்துத் "தரமில்லாத டீ-ஷர்ட்" என்று முடிவு கட்டினால், அடுத்த முறை ₹230 கொடுத்து வாங்கியும் இதே புகார் வரலாம்.

முதலில் அந்த மூன்று சொற்களைப் பார்த்துவிடுவோம். 180 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் எடை. துணி எவ்வளவு கனம் என்பதை மட்டும்தான் அது சொல்லும். நூல் நல்லதா, தையல் நல்லதா, துவைத்தால் நிற்குமா என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை. சொன்ன கனம் உண்மையா என்று நீங்களே பார்க்கலாம். ஒரு சாம்பிள் சட்டையைப் பலி கொடுத்து, அதிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைத் துல்லியமாக வெட்டி, நகைக்கடைத் தராசில் போடுங்கள். வருகிற கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.8 கிராம் இருந்தால் 180. ஐந்து சதவீதம் கூடக்குறைய இருப்பது சகஜம். 1.5 கிராம்தான் இருக்கிறது என்றால் உங்களிடம் 150-ஐ 180 என்று விற்றிருக்கிறார்கள். விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி இங்கேயே விளங்கிவிடும்.

நூல் கவுண்ட்டையும் கேளுங்கள். கவுண்ட் எண் ஏற ஏற நூல் மெல்லியது. லைக்ரா என்ற இழுபடும் நூல் கலக்காத சிங்கிள் ஜெர்சியில், அதாவது சாதாரண டீ-ஷர்ட் துணியில், 30-ஆம் கவுண்ட் நூல் பொதுவாக 150, 160 ஜிஎஸ்எம் தரும். 180 வேண்டுமென்றால் 24, 26 என்று இறங்க வேண்டும். 200-க்கு மேல் 20-ஆம் கவுண்ட். "30-ஆம் கவுண்ட், 180 ஜிஎஸ்எம்" என்று ஒருவர் ஒரே மூச்சில் சொன்னால், லைக்ரா இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் தராசை எடுங்கள்.

பிறகு, நூல் கோம்டா கார்டடா என்ற கேள்வி. என் அனுபவத்தில் விலையை உண்மையாகப் பிரிப்பது இதுதான், விளம்பரத்தில் கண்ணில் படாததும் இதுதான். பஞ்சிலுள்ள குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டு நூற்றது கோம்டு. அவற்றையும் சேர்த்து நூற்றது கார்டட். கார்டட் துணியின் மேல் பூஞ்சை மாதிரி முடி நிற்கும். அச்சுக்கு இது ஏன் முக்கியம் என்றால், மை அந்த முடியின் மேல்தான் உட்காருகிறது. துவைக்கத் துவைக்க முடி எழும்பி மையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வாடிக்கையாளர் "பிரிண்ட் வெளுத்துப்போச்சு" என்பார். உற்றுப் பார்த்தால் மை அப்படியே இருக்கும், அதன் மேல் கருப்பு முடி படர்ந்திருக்கும்.

பயோ வாஷ் செய்வது இந்த முடியை நீக்கத்தான். செல்லுலேஸ் என்ற என்சைம், பருத்தி இழையின் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைத் தின்றுவிடும். நல்ல கோம்டு துணிக்குப் பயோ வாஷ் செய்தால் பிரிண்ட் கண்ணாடி போல வரும். ஆனால் கார்டட் துணியைக் கையில் வழுக்க வைப்பதற்காக சிலிக்கோன் மென்மையூட்டியைத் தாராளமாக ஊற்றி, அதையும் பயோ வாஷ் என்றே விற்பவர்கள் உண்டு. தொட்டுப் பார்த்தால் இரண்டுமே மெத்தென்றுதான் இருக்கும், அதனால் கையை நம்பாதீர்கள். துணி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் சரி. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் மேலே பூச்சு அதிகம். தண்ணீர் அடிப்படையிலான மையோ, துணி மேலேயே பிரிண்டரில் நேரடியாக அடிக்கும் டிடிஜி பிரிண்டோ அதில் சரியாக இறங்காது. படலத்தில் அச்சிட்டுப் பசைத்தூள் தூவிச் சூட்டில் ஒட்டும் டிடிஎஃப் முறையில், அந்தப் படலத்தின் பசைகூட ஓரத்தில் உரியத் தொடங்கும்.

முறுக்குவதற்கு வருவோம். சிங்கிள் ஜெர்சி என்பது ஒற்றை வரிசை ஊசிகளில் பின்னியது. நூலில் இருக்கிற முறுக்கு, தண்ணீர் பட்டதும் தளர்ந்து, கண்ணிகளைச் சாய்த்துவிடும். பக்கவாட்டுத் தையல் தொப்புளை நோக்கி நடந்து வருவது இதனால்தான். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியைக் காம்பாக்டிங் செய்யும்போது, அதாவது நீராவியும் அழுத்தமும் கொடுத்து முன்கூட்டியே சுருக்கி நிலைநிறுத்தும்போது, சுருக்கத்தைப் பெருமளவும் இந்தச் சாய்வை ஓரளவும் கட்டுப்படுத்தலாம். விலையைக் குறைக்க வேண்டும் என்று வந்துவிட்டால் அவசரமாகத் தள்ளிவிடப்படும் வேலைகளில் இதுவும் ஒன்று. பக்கத் தையலே இல்லாத, குழாயாகப் பின்னிய டீ-ஷர்ட்டும் சந்தையில் உண்டு. அதுவும் முறுக்கும், காட்டிக்கொடுக்கத் தையல் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே சாம்பிள் வாங்கியதும் நீங்கள் செய்ய வேண்டியது: சட்டையின் மார்பகலம், நீளம் இரண்டையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே மூன்று முறை துவைத்துக் காயவையுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். சுருக்கம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். 28 அங்குல நீளமுள்ள சட்டை ஒன்றரை அங்குலம் குறைந்துவிட்டால் வேண்டாம். மேசையில் விரித்து, பக்கத் தையல் கீழே எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். அரை அங்குலம் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள், இரண்டு அங்குலம் என்றால் கவனிக்காதவர் இல்லை. கருப்பு என்பதால் இன்னொன்று: ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் லேசான சாம்பல் படிந்தால் பரவாயில்லை, கரியாகப் படிந்தால் அந்தச் சாயம் உங்கள் வெள்ளை எழுத்தையும் அழுக்காக்கும்.

இவ்வளவும் துணியைப் பற்றி. ஆனால் துணியைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவே கூடாது. எந்த முறையில் அச்சிடப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற துணியைத் தேட வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உங்களுடையது எழுத்து, ஒன்றிரண்டு நிறம். அதற்கு ஸ்கிரீன் பிரிண்ட்தான் என் முதல் தேர்வு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் செய்ய வேண்டும் என்பதால் பத்து, பதினைந்து சட்டைக்குக் கட்டாது, ஒரே வாசகத்தில் 50 அடித்தால் கட்டும். கருப்புத் துணியில் பிளாஸ்டிசால் மை (சூட்டில் வேகவைக்கும் பிளாஸ்டிக் மை), வெளிர் நிறங்களில் தண்ணீர் அடிப்படை மை. இதற்கு 100% காட்டன், கோம்டு, 180 ஜிஎஸ்எம் பொருத்தம். வெள்ளையில் 160-க்குக் கீழே போகாதீர்கள், உள்ளே இருப்பது தெரியும். லைக்ரா கலந்த துணி வேண்டாம். அது இழுபடும் அளவுக்குச் சாதாரண மை இழுபடாது, விரிசல் விடும்.

ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொன்றாக அச்சிட வேண்டும், டிசைன் நிறைய என்றால் டிடிஎஃப் வசதி. அது கிட்டத்தட்ட எந்தத் துணியிலும் ஒட்டும். ஆனால் மார்பு முழுக்க ஒரு பெரிய கட்டம் அடித்தால், நம் வெயிலுக்கு அது பிளாஸ்டிக் ஒட்டிய மாதிரி புழுங்கும். இன்னொரு சிக்கல் தமிழ் எழுத்துக்கே உரியது. ணகர, னகரச் சுழிகளும் கொம்புகளும் மெல்லிய கோடாக இருந்தால் பசைத்தூள் பிடிக்க அங்கே இடமே இருக்காது, முதலில் உரிவதும் அவைதான். கோடு ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத தடித்த எழுத்துருவாகப் பாருங்கள்.

சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் சப்ளிமேஷன் முறையை யாராவது மலிவாகச் சொன்னால் காட்டனில் அது வேலைக்காகாது. அந்தச் சாயம் பாலியஸ்டரில்தான் ஏறும், அதுவும் வெளிர் நிறத்தில் மட்டும். கபடிக் குழுவுக்கு ஜெர்சி அடிப்பவர்களுக்கான முறை அது. ஒரு எச்சரிக்கை: பாலியஸ்டர் கலந்த சிவப்பு, மெரூன் துணியில் வெள்ளை மை அடித்தால், சூட்டில் துணியின் சாயம் மைக்குள் ஏறி ஓரிரு நாளில் எழுத்து ரோஸ் நிறமாகிவிடும். அதைத் தடுக்கும் மை தனியாக இருக்கிறது. முதலில் துணியில் பாலியஸ்டர் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். ஓரத்திலிருந்து நான்கு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனையும் தொட்டால் உதிரும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். தையல் நூலை உருவிக் கொளுத்திவிடாதீர்கள், அது பெரும்பாலும் பாலியஸ்டர்தான்.

தையலில் பார்க்க அதிகமில்லை. கழுத்து ரிப்பை இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், தோளிலிருந்து தோளுக்குப் பின்கழுத்தில் பட்டி இருக்க வேண்டும், கையிலும் கீழ் மடிப்பிலும் இரட்டை ஊசி பேட்லாக் (இரண்டு இணைக்கோடாக ஓடும் தையல்) இருக்க வேண்டும். மடிப்பை விரித்து வெளிச்சத்தில் காட்டுங்கள். ஊசித் துளை இப்போது புள்ளியாகத் தெரிந்தால் துவைத்த பிறகு ஓட்டையாகத் தெரியும்.

அளவு விஷயத்தில் எழுத்தை நம்பாமல் அங்குலத்தை நம்புங்கள். ஒரு கம்பெனியின் எல், இன்னொன்றின் எம்-மாக இருக்கும். துவைத்த பிறகுள்ள மார்பகலத்தையே உங்கள் அளவுப் பட்டியலில் போடுங்கள், திரும்பி வரும் பார்சல் குறையும்.

எங்கே வாங்குவது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு மலிவாகக் கிடைக்கும், துணியும் அருமையாக இருக்கலாம். உங்களைப் போன்ற பிராண்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்று பிடித்த துணி அடுத்த மாதம் இருக்காது. கழுத்தில் வேறொரு கம்பெனியின் பெயர் இருந்தால் அதன் மேல் உங்கள் பிராண்டைப் போட்டு விற்பது வழக்கில் போய் முடியலாம். அதே துணியைத் திரும்பத் திரும்பத் தரக்கூடிய சிறு பனியன் கம்பெனி ஒன்றைப் பிடியுங்கள். ஆர்டரில் கவுண்ட், கோம்டு, ஜிஎஸ்எம், துவைத்த பின் சுருக்கம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். எல்லா அளவும் ஒரே சாய லாட்டில் வர வேண்டும் என்றும் எழுதுங்கள். கருப்பிலேயே லாட்டுக்கு லாட் ஒன்று நீலம் பாயும், ஒன்று பழுப்பு பாயும்.

கையில் இருக்கும் 22 சட்டைக்கு வருவோம். பிளாஸ்டிசால் மை முழு ஆழத்துக்கும் சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் வேகும். மேல்புறம் மட்டும் காய்ந்து அடியில் பச்சையாக இருந்தால் துவைப்பில் வெடிக்கும். விற்காத ஒரு சட்டையின் எழுத்தை இரண்டு கையால் இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் வேகவில்லை என்று பொருள். இது திருத்தக்கூடிய கோளாறு. மீதிச் சட்டைகளைப் பட்டறைக்கே கொண்டுபோய் மறுபடி சூடேற்றச் சொல்லுங்கள், ஆறிய பிறகு இழுத்துப் பார்த்து, ஒன்றைத் துவைத்தும் பார்த்துவிட்டு மற்றதை வாங்கிக்கொள்ளுங்கள். முறுக்குக்கு இனி வைத்தியம் இல்லை. துவைத்துப் பார்த்த சட்டையில் அது ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் விஷயத்தைச் சொல்லி விலை குறைத்து விற்றுவிடலாம். அதற்கு மேல் என்றால் உங்கள் பெயரில் அவை வெளியே போக வேண்டாம், அடுத்த டிசைன்களுக்கு மை சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.