சம்பல் சாப்பிட்ட அரை மணியில் வயிறு முறுக்குவது ஏன்?

முத்தையன்கட்டுப் பக்கம் மிளகாய்த் தோட்டம் செய்யும் 38 வயது வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். காலையில் புட்டும் செத்தல் மிளகாய்ச் சம்பலும் சாப்பிட்டால் அரை மணிக்குள் அடிவயிறு முறுக்கி உளைகிறதாம். தண்ணீர் மாறுவதை அப்படியே விட்டுவிட்டு மலசலகூடத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. போய்வந்தால் நோ தணிகிறது. மூன்று வருடத்துக்கு முன் கடும் வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகுதான் இது தொடங்கியது. இரத்தம், மலம், ஸ்கான் எல்லாம் நோர்மல். பஸ்கொபான் குளிசை போட்டும் முழுதாக நிற்கவில்லையாம். “வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். டொக்டர், நரம்பிலிருந்து வரும் ஏதோ பெப்டைட் குடலை இறுக்குகிறது என்றார். அது என்ன? மிளகாயை அடியோடு விட வேணுமா?”

முதலில் வீட்டிலுள்ளவர்களுக்கு: இது மனப்பிரமை இல்லை. ஸ்கானில் தெரிவது உறுப்புகளின் உருவம். குடல் எப்படி இறுகுகிறது, அதன் நரம்புகள் எவ்வளவு கூர்மையாக விழித்திருக்கின்றன என்பதெல்லாம் அதில் தெரியாது. ரிப்போட் நோர்மல் என்பதற்காக நோ பொய்யாகிவிடாது.

டொக்டர் சொன்னது பெரும்பாலும் சப்ஸ்டன்ஸ் பி ஆக இருக்கும். 11 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு மாலை அது. 1931இல் லண்டனில் ஊல்ஃப் வொன் ஒய்லரும் ஜோன் கடமும் குதிரையின் மூளையிலும் குடலிலும் இருந்து எடுத்த சாற்றில் இதைக் கண்டார்கள். அந்தச் சாறு பட்டதும் முயலின் குடல் துண்டு இறுகியது. நரம்புகள் தசையை இறுக்க விடும் இன்னொரு இரசாயனமான அசற்றைல்கோலின்தான் இறுக்குகிறதோ என்று அட்ரோபின் என்ற மருந்து கொடுத்து அதை மறித்தார்கள். அப்போதும் குடல் இறுகியது. இந்த அட்ரோபின் விசயத்தை மனதில் வையுங்கள், பிறகு உங்கள் குளிசையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மருத்துவ பீடத்தில் படித்த காலத்தில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு விரல் நீளம்கூட இல்லாத கினிப்பன்றிக் குடல் துண்டு, 37 பாகை இளஞ்சூட்டு உப்புக் கரைசலில் நூலில் தொங்கும். கீழிருந்து ஒட்சிசன் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். நூலின் மறுமுனையில் ஒரு முள், சுழலும் தாளில் கோடு கீறும். சப்ஸ்டன்ஸ் பி ஒரு துளி விட்டதும் சில விநாடிகளில் துண்டு சுருங்கி, கோடு செங்குத்தாக ஏறும். மூளையும் இல்லை, மனமும் இல்லை. வெறும் ஒரு துண்டுக் குடல்.

தசைக் கலத்துக்குள் நடப்பதைக் குளத்துத் துருசோடு ஒப்பிடலாம். கலத்தின் மேற்பரப்பில் சேதியைப் பிடிக்கும் வாங்கியில் (receptor) சப்ஸ்டன்ஸ் பி வந்து பொருந்தியதும், உள்ளே சேமிப்பில் இருக்கும் கல்சியத்துக்குத் துருசு திறக்கிறது. வெளியிலிருந்தும் கல்சியம் உள்ளே வருகிறது. அது தசைப் புரதங்களை ஒன்றையொன்று இழுக்க வைக்க, மழமழப்பான தசை இறுகுகிறது. சாதாரண நாளில் இது நல்ல காரியம்தான். உணவுக்குப் பின்னால் உள்ள பகுதியை அசற்றைல்கோலினும் சப்ஸ்டன்ஸ் பியும் இறுக்க, முன்னால் உள்ள பகுதியை விஐபி என்ற இன்னொரு பெப்டைட்டும் நைத்திரிக் ஒட்சைட்டும் தளர்த்தும். அப்படித்தான் சாப்பாடு நகர்கிறது.

சரி, மிளகாய் எங்கே வருகிறது? அதிலுள்ள கப்சைசின் ஒட்டும் வாங்கியை 1997இல் கண்டுபிடித்தவர்கள் டேவிட் ஜூலியஸ் குழுவினர். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுமார் 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டுக்கும் அதே வாங்கிதான் விழிக்கும். உறைப்பை நாம் எரிவாக உணர்வது அதனால்தான். அந்த வாங்கியுள்ள நரம்பு முனைகள் குடலிலும் இருக்கின்றன. கப்சைசின் பட்டதும் அவை சப்ஸ்டன்ஸ் பியைக் கொட்டுகின்றன.

அரை மணியில் அந்தச் சம்பல் பெருங்குடலுக்குப் போயிருக்காது, இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும்தான் நிற்கும். வயிறு நிறைந்த சேதி நரம்பு வழியே கீழே போய்ப் பெருங்குடலை முடுக்குவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. மேலே மிளகாய் நரம்பைச் சீண்ட, கீழே ஏற்கெனவே கூர்மைப்பட்ட குடல் மிகையாக இறுகுகிறது. கடும் வயிற்றோட்டத்துக்குப் பிறகு சிலருக்கு இந்தக் கூர்மை வருடக்கணக்கில் நிற்கும். ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) என்று டொக்டர்மார் சொல்வதில் ஒரு வகை இது. அப்படிப்பட்டவர்களின் பெருங்குடல் சுவரில் மிளகாய்க்கு விழிக்கும் நரம்பு இழைகள் கூடுதலாக இருப்பதைப் பயொப்சிகளில் கண்டிருக்கிறார்கள்.

மிளகாயை அடியோடு விடத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். கப்சைசின் சிறுகச் சிறுகத் தொடர்ந்து பட்டால் நரம்பு முனைகள் மெல்ல மந்தமாகும். இரண்டு கிழமைக்கு மிகக் குறைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். உறைப்பு அதிகம் இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெளிர் தண்டில். அதை நீக்கிவிட்டு இடிக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் சம்பல் வேண்டாம். தண்ணீர் குடித்தால் உறைப்புக் கழுவாது, பால் ஒத்துவருமென்றால் தயிர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்கொபான் போட்டும் முழுதாக நிற்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது அட்ரோபின் போல அசற்றைல்கோலினை மட்டும் மறிப்பது. 1931இல் முயல் குடலில் கண்டது உங்கள் வயிற்றிலும் நடக்கலாம். தசையிலேயே நேராக வேலை செய்யும் மெபவரீன், கல்சியம் உள்ளே வருவதைத் தடுக்கும் பெப்பர்மிண்ட் எண்ணெய்க் குளிசை இரண்டையும் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். மெபவரீனைச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முந்திப் போட வேண்டும். வயிற்றோட்டத்தை நிறுத்தும் லொபரமைட்டை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் அது ஆபத்து.

மலத்தில் இரத்தம், உடல் மெலிவு, நித்திரையில் எழுப்பும் நோ அல்லது வயிற்றோட்டம், இரத்தச் சோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இதில் ஒன்று இருந்தாலும் நான் எழுதியதை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாள் வரை பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெருங்குடலைக் கமராவில் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.