ஏழு வயது மகளுக்குச் சில்லறைக் கணக்கை வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

உங்கள் மகள் புத்தகத்தில் கழித்தல் கணக்கைச் சரியாகப் போடுகிறாள், ஆனால் கடையில் மீதி எவ்வளவு என்று கேட்டால் விழிக்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான். 10 வெள்ளியில் (மலேசிய ரிங்கிட்) 3 வெள்ளி 65 காசைக் கழிக்கச் சொன்னால் வரிசையாகச் சுழியங்கள் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கடன் வாங்க வேண்டும். மனக்கணக்காகப் போட அது பெரியவர்களுக்கே சிரமம்.

நான் வளர்ந்தது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற சுங்கை சிப்புட்டில். அம்மா பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வடையும் கச்சான் கடலையும் விற்றார். அவர் கழித்து நான் பார்த்ததே இல்லை. விலையிலிருந்து மேலே ஏறுவார். அதே 3.65க்கு முதலில் ஒரு 5 காசை வைத்து "மூணு எழுபது", 10 காசு வைத்து "மூணு எண்பது", 20 காசு வைத்து "நாலு வெள்ளி", ஒரு வெள்ளித் தாள் வைத்து "அஞ்சு", அஞ்சு வெள்ளித் தாள் வைத்து "பத்து, சரியா?" என்பார். கையில் விழுந்தது 6 வெள்ளி 35 காசு. கூட்டல் தெரிந்த பிள்ளைக்கு இது போதும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வைப்பது முக்கியம். எங்கே தவறுகிறாள் என்பது அந்த இடத்திலேயே உங்கள் காதில் விழும்.

அதற்கு முன் நாணயங்கள் கைக்குப் பழக வேண்டும். மலேசியாவில் 2012ல் வந்த நாணய வரிசையில் 5, 10 காசு வெளுப்பு, 20, 50 காசு மஞ்சள். மதிப்பு கூடக் கூட அளவும் கொஞ்சம் கூடும். ஆனால் 5 காசும் 10 காசும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், பிள்ளைகள் அங்கேதான் தடுமாறுவார்கள். பழைய வரிசையின் வெளுப்பான 20, 50 காசு கிடைத்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். இன்னொன்று, காசு நிறைய இருந்தால் பணமும் நிறைய என்று சின்னப் பிள்ளைகள் நம்புவார்கள். ஐந்து 10 காசை ஒரு பக்கமும் ஒரே ஒரு 50 காசை மறுபக்கமும் வைத்து, எது வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளியை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்பதை விளையாட்டாகவே பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு வீட்டில் கடை போடுங்கள். சார்டின் டின், பிஸ்கட், மஞ்சள்தூள் பாக்கெட் எதுவானாலும் விலை எழுதி ஒட்டலாம். அவள்தான் கடைக்காரி, நீங்களும் பாட்டியும் வாங்க வருபவர்கள். வாங்குகிற ஆள் காசை நீட்டிவிட்டுப் போய்விடலாம், கல்லாவில் இருப்பவர்தான் யோசித்தாக வேண்டும். பிளாஸ்டிக் காசு வேண்டாம், உண்மையான காசே நல்லது. தவழும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால் மட்டும் காசு வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் முழு வெள்ளி, அப்புறம் 50 காசு, அப்புறம் 10, 20. 5 காசு கடைசியில் வரட்டும்.

இது பழகியதும் மளிகைக்கடை ரசீதைக் காட்டுங்கள். 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கட்டும்போது மொத்தத் தொகையைப் பக்கத்து 5 காசுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். 4.97 என்றால் 4.95, 4.98 என்றால் 5 வெள்ளி. ஒவ்வொரு சாமானுக்கும் அப்படிச் செய்வதில்லை, கடைசி மொத்தத்துக்கு மட்டும்தான். இதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

6.20க்கு 10 வெள்ளி நீட்டினால் கடைக்காரர் "டுவா புலோ சென் அடா?" (20 காசு இருக்கா?) என்று மலாயில் கேட்பாரே, அது கொஞ்சம் பெரிய பாடம். 20 காசையும் சேர்த்துக் கொடுத்தால் 4 வெள்ளி முழுசாகத் திரும்பி வரும் என்று எட்டு ஒன்பது வயதில் சொல்லிக்கொடுக்கலாம், அவசரமில்லை.

இப்போது நாம் எல்லாவற்றுக்கும் போனில் கியூஆர் ஸ்கேன் செய்துவிடுகிறோம். பிள்ளையின் கண்ணில் பணமே படுவதில்லை. இதுதான் எனக்கு உண்மையான கவலை. அதனால் அவளைக் கூட்டிக்கொண்டு போகிற நாளிலாவது ரொக்கம் கொடுங்கள், மீதியை அவள் கையில் வாங்கட்டும். பழக்கப்பட்ட கடையாகப் பார்த்து, "பாப்பா எண்ணிப் பார்ப்பா, கொஞ்சம் பொறுங்க அங்கிள்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தோட்டத்தில் சம்பளம் போட்ட வாரக் கடைசி வேண்டாம். கடை நெரியும், பின்னால் நிற்பவர்களைப் பார்த்தே அவள் பயந்துவிடுவாள்.