டிராலுக்குத் தீ ஆகாது என்பது என் கதாபாத்திரத்துக்குத் தெரியுமா?

ஆளுக்கொரு கதாபாத்திரமாகி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைப் பத்து வருடமாக ஆடும் உங்களுக்கு, காயம் தானாக ஆறும் டிரால் என்ற பூதத்தைத் தீயும் அமிலமும்தான் அடக்கும் என்பது மனப்பாடம். நேற்றுத்தான் ஊரை விட்டுக் கிளம்பிய உங்கள் வீரனுக்கு?

2003-இல் வந்த 3.5 பதிப்பில் கணக்கு நேரடியானது. டிராலுக்கு 6 ஹிட் டைஸ் (அதன் உயிர்வலுவைக் காட்டும் பகடைகளின் எண்ணிக்கை). அதோடு 10 சேர்த்தால் 16. ‘இயற்கை அறிவு’ என்ற திறனில் பயிற்சி உள்ளவர் 20 பக்கப் பகடையை உருட்டி, திறன் புள்ளியையும் கூட்டி 16-ஐத் தொட்டால் பயனுள்ள தகவல் ஒன்று கிடைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 5-க்கும் இன்னொன்று. 2014 பதிப்பில் இப்படிச் சூத்திரம் கிடையாது, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். 2024 பதிப்பில், எந்த உயிரினத்தைப் பற்றி அறிய எந்தத் திறன் என்று அட்டவணை போட்டார்கள்: டிராகனுக்கு இயற்கை, டிரால் போன்ற ராட்சத இனத்துக்கு வரலாறாம்!

நான் ஆட்டம் நடத்தினால் டிராலுக்குப் பகடையே கேட்பதில்லை. மலையடிவாரத்தில் வளர்ந்தவனுக்கு அவன் பாட்டியே சொல்லியிருப்பாள். அப்படியே சொல்லாவிட்டாலும், வெட்டிய காயம் கண்ணெதிரே மூடிக்கொண்டால் யாரும் தீப்பந்தத்தைத் தேடத்தானே செய்வார்கள்?

ராட்சசன் (rakshasa; மேலே சொன்ன ராட்சத இனம் அல்ல) விஷயம் வேறு. 2014 பதிப்பில், நல்ல குணமுள்ளவர் மந்திர ஆயுதத்தால் குத்தினால் அதற்குச் சேதம் இரட்டிப்பு. இது தற்செயலாகப் பிடிபடாது. அங்கே மட்டும் உருட்டச் சொல்லிவிடுவேன்.