மாசி மந்தத்தில் என்ன கேட்கலாம்? பழைய கேசட் கடைக்காரரின் பதில்கள்

பொங்கல் படங்களின் பாட்டு காதுக்குப் பழகிவிட்டது. தமிழ்ப் புத்தாண்டுப் படங்களின் பாட்டு இன்னும் வந்து சேரவில்லை. இந்த இடைவெளியில் இசைப் பைத்தியங்கள் சிலர் கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கும்பகோணத்தில் 1985 முதல் 2008 வரை கேசட் கடை நடத்தியவன் நான். இசை படித்தவன் அல்லன், விற்றவன். அந்த அளவுக்கு என் பதிலை நம்பினால் போதும்.

கேள்வி (சேலம்): ஐயா, பிப்ரவரியும் மார்ச்சும் வந்தால் புதுப் பாட்டு ஏன் இப்படி வறண்டுபோகிறது?

பதில்: பொதுத்தேர்வுதான் காரணம். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு படித்தால் அந்த வீடே தியேட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்காது. அதனால் பெரிய படங்கள் கோடை விடுமுறைக்குத் தள்ளிப்போகின்றன, பாட்டும் கூடவே போகிறது. நம் ஊரில் பாட்டுக்குத் தனி நாட்காட்டி கிடையாது, படத்தின் நாட்காட்டியில்தான் அது தொங்குகிறது. என் கடையில் மாசி மாதம் ஈ ஓட்டியிருக்கிறேன். கும்பகோணத்தில் மாசியில் வியாபாரம் சூடுபிடிக்க வேண்டுமானால் மகாமகம் வர வேண்டும். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

கேள்வி (விழுப்புரம்): ஆடி மாதம்தான் மிகவும் மந்தம் என்று நினைத்தேன். அப்படியில்லையா?

பதில்: துணிக்கடைக்காரரைக் கேட்டால் தள்ளுபடிக் கணக்குச் சொல்வார். நகைக்கடைக்காரரைக் கேட்டால் பெருமூச்சு விடுவார். கேசட் கடைக்காரனுக்கு ஆடிதான் அறுவடை. ஆடி முதல் வெள்ளிக்கு ஒரு வாரம் முன்பே மைக்செட்காரர்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுக் கேசட்டை ஒரே தடவையில் ஆறு வாங்குவார். ஆறு எதற்கு என்று முதல் வருடம் கேட்டேன். “நாலு ஊர்த் திருவிழா. வெயிலில் ஒன்று வளையும். ஒன்றைக் கோயில் தர்மகர்த்தா வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்” என்றார். அவர் கணக்கு ஒரு வருடமும் தப்பியதில்லை.

கார்த்திகை பிறந்தால் கே.வீரமணியின் ஐயப்பன் பாட்டு. மார்கழியில் எம்.எல்.வசந்தகுமாரியின் திருப்பாவை. பிள்ளையார் சதுர்த்திக்குச் சீர்காழி கோவிந்தராஜன். ரமலானில் நாகூர் ஹனிபா. இவற்றில் எதுவும் அந்த வருடத்துப் புது வெளியீடு அன்று. ஆனால் வருடா வருடம் புதிதாக விற்கும். ‘மந்தம்’ என்று நீங்கள் சொல்வது சினிமாவின் மந்தம்.

சினிமாவிலும் ஆடிப் பயம் இப்போது இல்லை. ‘ஜெயிலர்’ 2023 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்தது, ஆடியில்தான். அதற்கும் முன்னால், 1992இல் ‘ரோஜா’ வந்ததே ஆகஸ்ட் 15 அன்று, ஆடி முடியும் தறுவாயில்தான். ஏ.ஆர்.ரஹ்மானின் முதல் படம் ஆடியில் வந்ததால் என்ன கெட்டுப்போயிற்று?

கேள்வி (கோவை): முன்பெல்லாம் ஒரே நாளில் ஆறு பாட்டும் வந்தன. இப்போது ஏன் ஒவ்வொன்றாகச் சொட்டுகிறார்கள்? ஆல்பத்தை முழுதாகக் கேட்கும் பழக்கமே போய்விட்டதே?

பதில்: கேசட்டைச் சில்லறையாக விற்க முடியாது. ஒரு பாட்டுக்காக வந்தவனும் ஆறு பாட்டையும் வாங்கித்தான் ஆக வேண்டும். இப்போது ஒவ்வொரு பாட்டுக்கும் தனிக் கணக்கு. யூடியூபில் ஒவ்வொன்றும் தனித் திருவிழா. ‘3’ படத்தின் கொலவெறிப் பாட்டு 2011 நவம்பரில் வந்தது, படம் வந்ததோ 2012 மார்ச் 30. நாலு மாதம் ஒரே பாட்டு படத்தைத் தோளில் சுமந்தது. அதைப் பார்த்த பிறகு ஆறையும் ஒரே நாளில் அவிழ்த்துவிட எந்தத் தயாரிப்பாளருக்கு மனம் வரும்?

முழுதாகக் கேட்கும் பழக்கத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அது நம் நல்லொழுக்கத்தால் வந்ததன்று, சோம்பலால் வந்தது. கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்ட வேண்டுமானால் எழுந்துபோய் பொத்தானை அழுத்தி, நாடா ஓடும் சத்தத்தை வைத்து எங்கே நிறுத்துவது என்று குத்துமதிப்பாக முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். அதற்கு, பிடிக்காத பாட்டையே கேட்டுவிடலாம். பத்தாவது முறை அது பிடித்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஒரு படத்தின் ஐந்து பாட்டு ஒரு பக்கத்திலேயே அடங்கிவிடும். அதனால் ஏ பக்கத்தில் ஒரு படம், பி பக்கத்தில் வேறொரு படம் என்று போடுவார்கள். ஏ பக்கத்தில் வெள்ளிவிழாப் படம் இருக்கும், பி பக்கத்தில் இரண்டாவது வாரம் தாங்காத படம் இருக்கும். போஸ்டரைக்கூட யாரும் பார்த்திராத அந்தப் படத்தின் பாட்டு மட்டும் வீட்டுக்கு வீடு மனப்பாடம். என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அதைப் படத்தின் பெயரால் கேட்கவே மாட்டார்கள். “அந்தக் கேசட்டுக்குப் பின்பக்கம் இருக்குமே, அது” என்பார்கள். எனக்கும் புரிந்துவிடும். இன்று ஒரு படம் விழுந்தால் அதன் பாட்டும் அதே வெள்ளிக்கிழமை செத்துப்போகிறது. பிழைக்க வைக்கப் பின்பக்கம் இல்லை.

இந்த மாசியில் செய்யத் தக்கது ஒன்று சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த இசையமைப்பாளர் ஓடாத படத்துக்குப் போட்ட பாட்டுகளைத் தேடி எடுங்கள். ஐந்தையும் வரிசையாக, இரண்டு முறை கேளுங்கள். நான் கடையில் ஈ ஓட்டிய நாட்களில் செய்தது இதைத்தான்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கள் அப்பா, தமிழ்ப் பாட்டையெல்லாம் வளர்த்தது இலங்கை வானொலிதான் என்கிறார். பெருமைக்குச் சொல்கிறாரா?

பதில்: இல்லை. அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1952இல் மத்திய அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்குக் கதவடைத்தார். கேட்பவர்கள் அப்படியே ஊசியை இலங்கைக்குத் திருப்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் 1957 அக்டோபர் 3 அன்று இங்கே விவித் பாரதி தொடங்கினார்கள். அதற்குப் பிறகும் தஞ்சைக் கரையோரத்தில் இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்டது. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது குரலில் கேட்டுவிட்டுத்தான் என் கடைக்கே ஆட்கள் வந்தார்கள். பாட்டின் பெயரோடு அறிவிப்பாளரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கேட்பார்கள்.

கேள்வி (சென்னை): நானும் நண்பனும் சேர்ந்து தனிப்பாடல் ஒன்று முடித்து வைத்திருக்கிறோம். கோடைக்கு வெளியிடலாமா, இப்போதே வெளியிடலாமா? நிறுவனம் ஒன்று எல்லா உரிமையையும் கேட்கிறது.

பதில்: இப்போதே. கோடையில் பெரிய படங்களின் பாட்டு லாரி லாரியாக இறங்கும், உங்கள் சைக்கிளை யார் பார்ப்பார்கள்? ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது 2021 மார்ச்சில். ‘கட்சி சேர’ வந்தது 2024 ஜனவரியில். சினிமா மூச்சு வாங்கும் நேரத்தில்தான் தனிப்பாட்டுக்குக் காது கிடைக்கிறது.

நாள் வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும். 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுவதும் புது இசைக்கு அதுதான் நாள். அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், இங்கிலாந்தில் திங்கள் என்று ஆளுக்கொரு கிழமை வைத்திருந்தார்கள். ஸ்பாட்டிஃபையில் அவர்களின் பட்டியல்களுக்குப் பரிந்துரைக்க ஏழு நாளாவது முன்னதாகப் பாட்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வியாழன் இரவு ஏற்றிவிட்டு வெள்ளி காலை அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள். அங்கே முப்பது விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பு. பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் கேட்புகளைத் தொடாத பாட்டுக்கு 2024 முதல் காசும் கிடையாது. அதற்காக முன்னிசையை வெட்டி எறியச் சொல்லவில்லை. நல்ல முன்னிசை முப்பது விநாடி தாங்கும்.

உரிமை விஷயத்தில் நிதானம் வேண்டும். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நீங்கள் பதிப்புரிமையை எழுதிக் கொடுத்தாலும், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தங்களுக்கு உள்ள பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதை மாற்றித் தரலாம். ஐபிஆர்எஸ் (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) அப்படி ஒரு சங்கம். இருவரும் உறுப்பினராகிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடமும் காட்டிவிடுங்கள். நான் கேசட் விற்றவன்தான்.

கேள்வி (காரைக்குடி): தாத்தாவின் பழைய இசைத்தட்டுகள் நாற்பது கிடைத்திருக்கின்றன. கனமானவை, கறுப்பு. இந்த வாரம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுப் புது டர்ன்டேபிளில் போடப்போகிறேன்.

பதில்: பஞ்சைக் கீழே வையுங்கள். கனமாக, தட்டினால் பீங்கான்போல ஒலித்தால் அவை நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டுகள். அவற்றில் இருப்பது அரக்கு. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும். தாத்தாவின் பாட்டு பஞ்சோடு வந்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்துணியை நனைத்துப் பிழிந்து, வரியோடு வரியாகத் துடையுங்கள். நடுவில் ஒட்டியிருக்கும் தாளில் ஈரம் படக் கூடாது. பிறகு நிறுத்திவைத்துக் காயவிடுங்கள்.

புது டர்ன்டேபிளின் முள்ளும் உதவாது. பின்னால் வந்த எல்.பி. (நெடுநேர) தட்டின் வரி மெல்லியது, 78இன் வரி அகலம். மெல்லிய முள் அடியில் போய்க் குப்பையைக் கிளறும். 78க்கென்றே தடித்த முள் விற்கிறார்கள், வேகமும் 78 இருக்கிறதா என்று பாருங்கள்.

அவற்றில் நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா பாடியது இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். 1933இல், இருபத்தேழு வயதில் இறந்தவர். தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். மேடையில் மணிக்கணக்கில் பாடியவர்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் மூச்சைச் சுருக்கி வைத்தார்கள். இன்றும் பாட்டென்றால் மூன்று, நான்கு நிமிடம் என்று நம் காது எதிர்பார்க்கிறதே, அது அந்த அரக்குத் தட்டு போட்ட அளவு.

கேள்வி (நெல்லை): அண்ணாச்சி, என் கேசட்டெல்லாம் கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கிறது. நாடா போய்விட்டதா?

பதில்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிளேயரின் தலையை (நாடா உரசிப்போகும் பகுதி) முதலில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள் (காரைக்குடிக்காரர் இதைப் படிக்க வேண்டாம்). பழுப்பாக ஏதாவது வந்தால் அதுதான் உங்கள் கம்பளி. ரப்பர் உருளையில் மட்டும் ஸ்பிரிட் வேண்டாம். அப்படியும் தெளியாவிட்டால் தலையின் ஓரத்தில், சிறு ஸ்பிரிங்கோடு ஒரு திருகு இருக்கும். பாட்டை ஓடவிட்டு அதைக் கால் சுற்று அங்கும் இங்கும் மெல்லத் திருப்புங்கள். ஜால்ரா எந்த இடத்தில் பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். கடையில் இதற்கு ஐந்து ரூபாய் வாங்கினேன்.

கேள்வி (மதுரை): இப்போது வருவதெல்லாம் இரைச்சல். தொண்ணூறுகளோடு இசை முடிந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: இல்லை. ‘ரோஜா’ கேசட்டை என் கல்லாமேல் வைத்து, “இது கம்ப்யூட்டர் போட்ட பாட்டு, வேண்டாம்” என்று திருப்பிக் கொடுத்தவர் உங்கள் ஊர்க்காரர்தான். பத்து நாளில் வந்து இரண்டாக வாங்கிப்போனார். தொண்ணூறுகளில் வந்த குப்பையை நான் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நல்லது மட்டும் உங்களுக்கு நினைவில் நின்றிருக்கிறது.

கேள்வி (தஞ்சாவூர்): இந்த வாரம் நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?

பதில்: ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட். திருவையாற்று ஆராதனையில் பாடும் பஞ்சரத்தினத்தை, அதாவது தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகளை, வானொலி நேரடியாக ஒலிபரப்பியபோது 1994இல் பதிவு செய்தது. நாட்டை, கௌளை, ஆரபி ராகக் கீர்த்தனைகள் மூன்றும் ஒழுங்காகப் போகும். வராளி பாதியில் என் மகள் நுழைவாள். அப்போது இரண்டாம் வகுப்பு. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு இரண்டாம் வாய்ப்பாடு முழுவதையும் சொல்லியிருக்கிறாள். ஏழில் ஒரு தடுமாற்றம். பிறகு மறுபடி வராளி, ஒரு சரணம் குறைவாக. மேல் விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை உடைத்து வைத்திருந்தால் மேலே பதிவாகியிருக்காது. அடுத்தவர்களுக்கெல்லாம் உடைத்துக் கொடுத்தவன், என் கேசட்டில் மறந்துவிட்டேன்.

போன மாதம் மருமகன் அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். இரைச்சலெல்லாம் போய்த் துல்லியமாக இருந்தது. வாய்ப்பாட்டையும் சுத்தம் செய்துவிட்டிருந்தார். நன்றி சொல்லிவிட்டுக் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.