அம்மாவின் விரல் வீக்கமும் நாயின் நொண்டலும்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மூன்று மாதமாக இரண்டு கை விரல் கணுக்களிலும் வீக்கம். காலையில் விரலை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. எங்கள் வீட்டு லாப்ரடார் நாய்க்கு 9 வயது, அதுவும் பின்னங்காலை நொண்டுகிறது. குடலில் பாக்டீரியா கெட்டுப்போனதுதான் காரணம், 'நல்ல பாக்டீரியா' பொடி வாங்கி இரண்டு பேருக்கும் கொடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. அம்மாவின் வலி மாத்திரையில் பாதியை நாய்க்குக் கொடுக்கலாமா? – வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்கவே கூடாது. நாம் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பாதி மாத்திரை என்றாலும் ஆபத்துதான்.

அண்ணாச்சி சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வயிற்றுப்போக்கு வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சிலருக்கு முழங்கால் வீங்குவதை நாங்கள் பார்க்கிறோம். குடலில் புகுந்த கிருமி கிளப்பிவிட்ட எதிர்ப்புச் சக்தி, மூட்டையும் தாக்குவதால் வருவது அது. முடக்குவாதம், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய், புதிதாக வந்து, மருந்தே தொடங்காதவர்களின் மலத்தில் 'பிரிவோடெல்லா கோப்ரி' என்ற பாக்டீரியா கூடுதலாக இருந்ததை 2013இல் நியூயார்க் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் நோயால் அது பெருகியதா, அது பெருகியதால் நோய் வந்ததா என்பதை அந்த ஆய்வை வைத்து முடிவு செய்ய முடியாது. முடக்குவாதத்துக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் சல்ஃபாசலசின் மாத்திரையை உடைத்துப் பிரிப்பதே பெருங்குடல் பாக்டீரியாதான். அதனால் குடலுக்கும் மூட்டுக்கும் உறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

என் கவலை வேறு. இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம், காலையில் ஒரு மணி நேர விறைப்பு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது முடக்குவாதத்தைத்தான். ஊரில் சரவாங்கி என்பார்களே, அதுதான். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் மூட்டு அரிக்காமல் காப்பாற்றலாம். அரித்த எலும்பைத் திரும்பக் கொண்டுவர எந்த மருந்தும் கிடையாது. ஏற்கெனவே மூன்று மாதம் போய்விட்டது. பொடியை நம்பி இன்னும் மூன்று மாதத்தை விட்டுவிடாதீர்கள். பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்கு இந்த வாரமே அம்மாவை அழைத்துப் போங்கள். முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி சிசிபி, ஈஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்ப்பார்கள். ஆர்.ஏ. ஃபாக்டர் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, வீக்கத்தை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். அம்மா தினமும் பழைய சோறும் நீராகாரமும் சாப்பிடுபவர் என்றால் தாராளமாகத் தொடரட்டும். ஆனால் அது மருந்துக்கு மாற்று இல்லை.

நாயின் கதை வேறு. அம்மாவிடமிருந்து அதற்கோ, அதனிடமிருந்து அம்மாவுக்கோ ஒட்டிக்கொண்ட நோய் இல்லை இது. இந்த வயது லாப்ரடாருக்குப் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்தான், அதை மோசமாக்குவது உடல் எடை. 48 லாப்ரடார்களை வைத்து ஆயுள் முழுக்க நடத்திய ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. தீனியைக் கால் பங்கு குறைத்துக் கொடுத்த நாய்களுக்கு மூட்டு வலி தாமதமாக வந்தது, ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாகவும் வாழ்ந்தன. அதனால் நாய்க்கு மிச்சச் சோற்றை அள்ளிப் போடுவதை, குறிப்பாக அல்வாவை, இன்றோடு நிறுத்துங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் நாய்க்கு மூட்டு வீங்கும். அதைப் பார்க்க ரத்தப் பரிசோதனை வேண்டும். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனால் அதையும் பார்த்து, நாய்க்கென்றே உள்ள வலி மருந்தை எடைக்குத் தக்க அளவில் தருவார்கள்.