அனிமேஷன் லேயர்: நெல்லைப் பக்கத்து நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கங்களில் அனிமேஷன் பயிலும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை லேயர் (ஓர் அசைவின் மேல் இன்னோர் அசைவைத் தனியாக அடுக்கும் வசதி) பற்றியவையாகவே இருந்ததால், அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மாயா என்ற அனிமேஷன் மென்பொருளில் வேலை செய்பவர்களே மிகுதியாகக் கேட்டிருக்கிறார்கள். பிளெண்டர் என்ற இலவச மென்பொருள்காரர்களுக்கும் ஓரிடம் உண்டு.

கேள்வி (அம்பாசமுத்திரம், மாணவி): அண்ணாச்சி, வில்லிசைப் புலவர் ஒருவரை மாயாவில் செய்துகொண்டிருக்கிறேன். இரு கைகளிலும் வீசுகோல் பிடித்து நாணை அடிக்கும் அசைவு நன்றாக வந்துவிட்டது. பாட்டு வேகமெடுக்கும்போது உடலும் தலையும் சேர்ந்து ஆட வேண்டும். அந்த லேயர் அடிட்டிவா, ஓவர்ரைடா?

பதில்: அடிட்டிவ்தான். அடிட்டிவ் லேயர் கீழே இருக்கும் அசைவோடு தன் மதிப்பைக் கூட்டுகிறது. ஓவர்ரைடு லேயர் கீழே இருப்பதை மறைத்துவிட்டுத் தன் மதிப்பையே நிறுத்துகிறது. பேஸ் அனிமேஷனில், அதாவது எல்லா லேயருக்கும் அடியிலுள்ள முதல் அசைவில், கழுத்து 40 பாகை திரும்பியிருக்கிறது, லேயரில் 10 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிட், அதாவது லேயரின் செல்வாக்கின் அளவு, 1 ஆக இருந்தால் அடிட்டிவில் 50 கிடைக்கும், ஓவர்ரைடில் 10 கிடைக்கும். வெயிட்டை 0.5 ஆகக் குறைத்தால் அடிட்டிவில் 45, ஓவர்ரைடில் இரண்டுக்கும் நடுவான 25. இந்தக் கணக்கு மனத்தில் நின்றுவிட்டால் எந்த வகை எங்கே வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிராது.

உங்கள் புலவர் அடிப்பதை நிறுத்தி, ஒரு கையை உயர்த்திக் கதையை வசனமாகச் சொல்லும் இடம் வருமானால், அந்தக் கைக்கு மட்டும் ஓவர்ரைடு லேயர் போடுங்கள். லேயர் உருவாக்கும்போது முழு ரிக்கையும் (பாத்திரத்தை அசைக்கும் கண்ட்ரோல்களின் தொகுதி) தேர்ந்தெடுத்துவிடாமல், தேவையான கண்ட்ரோல்களை மட்டும் அதில் சேர்ப்பது முக்கியம். சேர்க்காதவை கீழே இருந்தபடியே ஓடிக்கொண்டிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கைகள் எஃப்.கே. முறையில், அதாவது தோளிலிருந்து ஒவ்வொரு மூட்டாகத் திருப்பும் முறையில், இருந்தால், உடல் ஆடும்போது தோளோடு கையும் சேர்ந்து ஆடி, வீசுகோல் நாணில் படாமல் காற்றை அடிக்கும். கைகள் உடலைப் பின்தொடராத ஐ.கே. முறையில் (கைமுனையை ஓரிடத்தில் வைத்தால் மூட்டுகள் தாமே வளையும் முறை) இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. எஃப்.கே.யில் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டீர்கள் என்றால், ஆட்டத்துக்கு மேலே இன்னொரு அடிட்டிவ் லேயர் வைத்து, கோல் நாணைத் தொடும் ஃப்ரேம்களில் மட்டும் கையைச் சரிசெய்யுங்கள். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த நம் ஊர்க் கண்கள் அந்த ஒரு தவற்றைத்தான் முதலில் பிடிக்கும்.

கேள்வி (சங்கரன்கோவில்): அடிட்டிவ் லேயரில் கீ (ஒரு ஃப்ரேமில் பதியும் மதிப்பு) வைத்தேன். சேனல் பாக்ஸில் 45 என்று காட்டுகிறது, கிராஃப் எடிட்டரிலோ 5 என்று காட்டுகிறது. மென்பொருள் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. சேனல் பாக்ஸ் காட்டுவது எல்லா லேயரும் சேர்ந்த முடிவு. கிராஃப் எடிட்டரில் நீங்கள் பார்த்தது அந்த லேயரின் பங்கு மட்டும். பேஸில் 40 இருக்கிறது.

கேள்வி (திருநெல்வேலி டவுன்): ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரத வீதியில் வரும் காட்சியைச் செய்கிறேன். தேரின் ஆட்டத்தைத் தனி லேயரில் வைத்திருக்கிறேன். முட்டுக்கட்டை போட்டுத் தேர் நிற்கும் இடத்தில் ஆட்டம் மட்டும் தொடர்கிறது. வெயிட்டை 1-இலிருந்து 0-க்குக் கொண்டுவந்தால் போதுமா?

பதில்: நீங்கள் பிரித்திருக்கும் விதம் சரி. முன்னே நகர்வது பேஸில், பக்கவாட்டு ஆட்டம் அடிட்டிவில் என்று இருப்பதால், இயக்குநர் "தேர் இன்னும் கனமாகத் தெரிய வேண்டும்" என்று சொன்னால் ஆட்டத்தின் வெயிட்டை மட்டும் குறைத்துப் பார்க்கலாம். வடம் இழுபடும் வேகத்தைத் தொட வேண்டியதில்லை. வெயிட்டுக்கும் கீ வைக்கலாம் என்பதால் நொடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் ஒரு 20 ஃப்ரேமுக்குள் அதை 0-க்கு இறக்கலாம்.

ஆனால் அது மட்டும் போதாது என்பது என் கருத்து. வெயிட்டை இறக்கினால் ஆட்டம் மெல்லத் தேய்ந்து மறையுமே தவிர, உண்மைத் தேர் நிற்பதுபோல் இருக்காது. சக்கரம் நின்ற பிறகும் மேற்பகுதி ஒருமுறை முன்னே சாய்ந்து, பின்னே வந்து, பிறகுதான் அடங்கும். கலசத்தின் அசைவு அடித்தட்டின் அசைவுக்குச் சற்றுப் பிந்தியே வரும். அதற்கு "நிறுத்தம்" என்று தனி அடிட்டிவ் லேயர் திறந்து, கையாலேயே கீ வையுங்கள். அடுத்த முறை தேரோட்டத்துக்குப் போகும்போது சக்கரத்தை விட்டுவிட்டு உச்சியையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

கேள்வி (தென்காசி): மோஷன் கேப்சர் (நடிகரின் அசைவை அப்படியே பதிவுசெய்த) நடையில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கீ இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் தலை திரும்ப வேண்டும். கீகளை அழித்துவிட்டுச் செய்யலாமா?

பதில்: அழிக்காதீர்கள். லேயர் என்ற வசதியின் அருமை தெரிவது இந்த இடத்தில்தான். கேப்சரைத் தொடாமல் மேலே ஓர் அடிட்டிவ் லேயர் வைத்து, தலை திரும்பத் தொடங்கும் ஃப்ரேமிலும், மீண்டும் பழைய நிலைக்கு வரும் ஃப்ரேமிலும் சுழியக் கீ வையுங்கள். மாயாவில் இதற்கென்றே ஜீரோ கீ லேயர் என்ற பொத்தான் இருக்கிறது. நடுவில் திருப்பத்துக்கு ஒன்றிரண்டு கீகள் போதும். இரு முனைச் சுழியங்களை மறந்தால், நடுவில் வைத்த கீ நடை முழுவதும் பரவி, முதல் ஃப்ரேமிலிருந்தே அந்த ஆள் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

கேள்வி (வள்ளியூர்): இரண்டு லேயர்களிலும் தோள் சுழற்சி இருக்கிறது. தனித்தனியே சரியாக இருக்கின்றன, சேர்த்தால் கை முறுக்கிக்கொள்கிறது.

பதில்: எக்ஸ், ஒய், இசட் சுழற்சிகளைத் தனித்தனியே கூட்டுவதால் வரும் கோளாறு இது. பெரிய கோணங்களில் அந்தக் கூட்டல் நீங்கள் நினைத்த திசையைத் தராது. லேயரின் சுழற்சிச் சேர்க்கை முறையைக் குவாட்டர்னியனுக்கு (மூன்று அச்சுகளையும் சேர்த்து ஒரே சுழற்சியாகக் கணக்கிடும் முறை) மாற்றிப் பாருங்கள். லேயரின் சுழற்சி முழுவதும் ஒன்றாகவே சேரும். முறையை மாற்றினால் ஏற்கெனவே வைத்த கீகளின் தோற்றமும் மாறும் என்பதால், இந்த முடிவைக் கீ வைப்பதற்கு முன்பே எடுப்பது நல்லது.

கேள்வி (களக்காடு): எங்களுக்கு மாயா வாங்க வசதியில்லை. பிளெண்டரில் லேயரைத் தேடுகிறேன், காணவில்லை.

பதில்: அங்கே அந்த வேலையை என்.எல்.ஏ. (நான்-லீனியர் அனிமேஷன்) எடிட்டர் செய்கிறது. கீகளின் தொகுப்புக்கு அங்கே ஆக்‌ஷன் என்று பெயர். முதல் ஆக்‌ஷனைப் புஷ் டவுன் செய்து ஸ்ட்ரிப் (அடுக்கக்கூடிய துண்டு) ஆக்கிவிட்டு, அதற்கு மேலே புதிய ஆக்‌ஷனைத் தொடங்குங்கள். புதிய ஆக்‌ஷன் இயல்பாக ரீப்ளேஸ் முறையில் இருக்கும். அதாவது கீழே இருப்பதை மறைக்கும். கூட்ட வேண்டும் என்றால் ஆட் அல்லது கம்பைன் முறைக்கு மாற்றுங்கள். உடல் எலும்புகளுக்குக் கம்பைனையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் குவாட்டர்னியன் சுழற்சிகளை அது முறைப்படி சேர்க்கிறது. பழைய ஸ்ட்ரிப்பைத் திருத்த அதைத் தேர்ந்தெடுத்து டேப் விசையை அழுத்துங்கள், முடித்ததும் மறுபடி டேப் அழுத்தி வெளியே வாருங்கள். வெளியே வர மறப்பதுதான் பிளெண்டரில் வரும் குழப்பங்களில் பாதி.

கேள்வி (பாளையங்கோட்டை): டிஸ்ப்ளே லேயரை அணைத்தாலும் அசைவு போகவில்லையே?

பதில்: போகாது. அது பொருளைத் திரையில் காட்டவும் மறைக்கவும் மட்டுமே. அசைவை நிறுத்த அனிம் தாவலுக்குச் சென்று லேயரை மியூட் செய்யுங்கள்.

கேள்வி (வீரவநல்லூர்): கேம் எஞ்சினுக்கு அனுப்பும் முன் எல்லா லேயர்களையும் ஒன்றாக மெர்ஜ் செய்தே ஆக வேண்டுமா? எத்தனை லேயர் வரை வைக்கலாம்?

பதில்: எண்ணிக்கைக்கு விதி இல்லை, நான் ஒரு ஷாட்டில் நான்கைத் தாண்டுவது அரிது. அதற்கு மேல் போனால், கையை அசைப்பது எந்த லேயர் என்று தேடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. லேயர்1, லேயர்2 என்று விட்டுவிடாமல் "தலை", "மூச்சு" என்று பெயர் வைத்துவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் மெர்ஜ் அல்லது பேக் (முடிவை ஒவ்வொரு ஃப்ரேமிலும் கீயாகப் பதிவது) செய்துவிடுவதே பாதுகாப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூச்சு லேயரை மியூட் செய்து பார்த்துவிட்டு, அதைத் திரும்பப் போடாமலேயே பேக் செய்து அனுப்பிவிட்டேன். பாத்திரம் பிணம்போல நிற்கிறது என்று மறுநாள் காலை தொலைபேசி வந்தது. அன்றிலிருந்து பேக் செய்வதற்கு முன் எல்லா லேயர்களின் மியூட், சோலோ (அந்த லேயரை மட்டும் ஓடவிடுவது), வெயிட் மூன்றையும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிடுகிறேன். மெர்ஜ் செய்யாத கோப்பை வேறு பெயரில் சேமித்து வைத்திருந்ததால்தான் அன்று பத்து நிமிடத்தில் மறுபடி அனுப்ப முடிந்தது.