நடுவில் இருக்கும் வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் மகள் பாலிடெக்னிக்கில் சிவில் முடித்திருக்கிறாள். போக்குவரத்தை இயக்குவதற்கு ஆள் தயார் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ரோடு போடுவது தெரியும், பஸ் ஓட்டுவது தெரியும். இரண்டுக்கும் நடுவில் என்ன வேலை இருக்கிறது? இனி எல்லாவற்றையும் கேமராவும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே. இதை நம்பி அவளை மேலே படிக்க வைக்கலாமா?

க., மன்னார்குடி

அன்புள்ள க. அவர்களுக்கு,

தாராளமாகப் படிக்க வையுங்கள். அந்த நடுவில்தான் வேலை குவிந்து கிடக்கிறது. ஆள்தான் இல்லை.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்திலேயே பார்த்தோம். திருவாரூர்–காரைக்குடி பாதை பல வருடம் மூடிக் கிடந்து, அகலப்பாதையாகி, 2019 ஜூனில் ரயில் விட்டார்கள். தண்டவாளம் புதிது, வண்டியும் இருந்தது. கேட்கீப்பர்கள் இல்லை. ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ரயில் நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார். ரயில் கடந்து மறுபடி நிற்கும். பின்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேலானது. அத்தனை கோடி செலவு செய்த பாதையில், தேவையான ஆட்களை முன்கூட்டியே எடுத்துப் பழக்க யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

நீடாமங்கலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்று தெரிந்த லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடும் ஊழியர், இல்லாமல் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. அதே ஊர் ரயில்வே கேட்டில் நீங்களும் காத்துக் கிடந்திருப்பீர்கள். எஞ்சின் மாற்றும் நேரத்தில் வண்டிகள் கடைத்தெருவரை நிற்கும். மேம்பாலம் வரட்டும், வேண்டியதுதான். ஆனால் கேட் மூடப்போகிறது என்ற தகவல் 108 ஓட்டுநருக்கும் பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பருக்கும் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும், லாரிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். இதைத் திட்டமிட்டு, தினமும் உட்கார்ந்து நடத்துகிறவரின் வேலையைத்தான் இயக்கம் என்று எழுதினேன். சிக்னல் நேரம் வைப்பது, பழுதான லாரியை அப்புறப்படுத்துவது, பாலம் வேலை நடக்கும்போது மாற்றுவழி விடுவது எல்லாமே இதில் வரும்.

கேமரா காட்டும், சரி. தை மாசியில் பாதி ரோட்டில் நெல் காயும், கொள்முதல் நிலையத்து வாசலில் லாரிகள் வரிசை கட்டும், அறுவடை மெஷினை ஏற்றிய டிரெய்லர் ராத்திரியில் வரும். இவ்வளவையும் மனதில் வைத்து எந்த வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுக்க இந்த ஊர் தெரிந்த ஆள் வேண்டும். கம்ப்யூட்டரும் தெரிந்திருக்க வேண்டும். போலீஸ், நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே மூன்று பேரிடமும் பேசத் தெரிய வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் பாடம் நம் பாலிடெக்னிக்குகளில் வந்தாக வேண்டும் என்பதே என் ஆதங்கம். 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம். தற்காலிக பஸ் நிலையங்களையும் சிறப்பு பஸ்களையும் கூட்டத்தோடு பொருத்தி நடத்த எத்தனை பேர் வேண்டியிருக்கும்! டெல்டா பிள்ளைகளை இப்போதே பழக்கினால் என்ன?

உங்கள் மகள் விஷயம். டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரலாம். அப்புறம் எம்.டெக். சேருவதற்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதினால் திருச்சி என்.ஐ.டி.யில் போக்குவரத்துப் பொறியியலில் எம்.டெக். இருக்கிறது. அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதென்றால், அரசுப் போக்குவரத்துக் கழகம் டிப்ளமோ படித்தவர்களை ஒரு வருடம் உதவித்தொகையோடு பழகுநர்களாக எடுப்பதுண்டு. எடுத்தால் டெப்போவோடு நிற்காமல், டைம்கீப்பர் பக்கத்தில் உட்கார்ந்து ஷெட்யூல் போடுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். இதற்கு மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்தபிறகு அலையாமல் இந்த வாரமே பதிந்துவிடட்டும்.